பெரிய லேத் இடித்த காலை

அன்று காலை பட்டறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். இரும்பைச் சுழற்றிக் கடையும் பெரிய லேத்தை ஓட்டும் அண்ணன், மில்லிங் இயந்திரத்தில் நிற்கும் என் வயதுப் பையன் (எல்லாருக்கும் அவன் மச்சான்), மாடி அறையிலேயே தங்கி வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர் (அவரைப் பாய் என்போம்), பிறகு நான். கணக்குப் பார்க்கும் அக்கா இன்னும் வரவில்லை. முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, விடியும் முன்பே பாகான் செராய்ப் பக்கத்திலுள்ள பாமாயில் ஆலைக்குப் போய்விட்டார். செட்டரும் இல்லை. பெரிய லேத் போலக் கணினி ஓட்டும் இயந்திரங்களில் வெட்டும் கருவிகளைப் பொருத்தி, அவற்றின் நீளத்தை அளந்து இயந்திரத்துக்குச் சொல்லி வைப்பவர் அவர். அவர் வரமாட்டார் என்பது எங்களில் மூன்று பேருக்குத் தெரியும். முந்தைய இரவு வாட்சப் குழுவில் போட்டிருந்தார். அண்ணனிடம் இருந்தது பேச மட்டுமே ஆகும் பழைய போன்.

அதற்கு முந்தைய நாள் ஆயுத பூஜை.

எங்கள் பட்டறை ஈப்போவுக்கு வெளியே, பழைய ஈயக் குட்டைகளைத் தாண்டி, ஒரே மாதிரி தகரக் கூரை போட்ட வரிசையில் இருக்கிறது. தவுக்கே கண்டனீஸ் பேசும் சீனர். ஆனால் பூஜைக்குப் பூசணிக்காய் வாங்குவது அவர்தான். வேறு யாரையும் வாங்க விடமாட்டார். சந்தைக்குப் போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"தவுக்கே, இத ஒடைக்க ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு எடுக்கணும் லா," என்று மச்சான் சொல்லாத வருடம் இல்லை.

பூஜையில் கருவிகளைக் கழுவித் துடைத்து வாழையிலையில் சாமி முன்னால் வைப்போம். மறுநாள் காலை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. இதில் செட்டர் ஒரு விதி வைத்திருந்தார். கையால் பிடிக்கும் சாமான்கள் மட்டும்தான் இலைக்குப் போகும்: ஸ்பானர், சுத்தியல், அளக்கும் வெர்னியர், தேய்ந்த பழைய கருவிகள். கணினி இயந்திரத்தில் மாட்டியிருக்கும் எதையும் கழற்றக்கூடாது. இயந்திரத்தின் கதவில் பொட்டு வைத்தால் போதும். காரணம் எளிது. கருவி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த இயந்திரம் ஒரு முறை கேட்டுக்கொண்டு, அதையே நம்பி ஓடும். கழற்றி மாட்டினால் மறுபடி அளந்து சொல்ல வேண்டும்.

அந்த வருடம் பூஜை நடந்துகொண்டிருக்கும்போதே செட்டருக்குப் போன் வந்தது. அவருடைய தம்பி தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் பல வருடங்களாக இருக்கிறார். அன்று அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். கற்பூரம் காட்டும் முன்பே அவர் கிளம்பிவிட்டார்.

தவுக்கே இலையைப் பார்த்தார். அவர் பேசுவது மலாயும் அரைத் தமிழும் கலந்த பேச்சு.

"ஏன் பெரிய மெஷின் ஒண்ணும் குடுக்கல? அவன்தானே நெறைய வேலை செய்யறான். அவனுக்குச் சாமி வேணாமா?"

"அதுக்குக் கதவுல பொட்டு வெச்சாச்சு தவுக்கே," என்றார் அண்ணன்.

"பொட்டு எல்லாருக்கும் வெச்சாச்சு. இவனுக்கு அது பத்தாது லா."

பதினைந்து வயதில் ஈயச் சுரங்கத்துப் பட்டறையில் லேத் வேலைக்குச் சேர்ந்தவர் தவுக்கே. சாவியைத் தானே எடுத்து, பெரிய லேத்தின் கதவைத் திறந்து, போரிங் பாரைக் கழற்றினார். துளையின் உள்பக்கத்தைக் குடைந்தெடுக்கும் தடித்த இரும்புத் தண்டு அது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து இலையின் நடுவில் வைத்தார். மச்சான் கை தட்டினான். அண்ணன் சிரித்துக்கொண்டே அதற்குச் சந்தனம் வைத்தார். நானும் சிரித்தேன். செட்டர் காலையில் வந்து பார்த்துக்கொள்வார் என்று அப்போது எங்கள் எல்லாருக்குமே நினைப்பு.

மறுநாள் அண்ணன் வந்து பெரிய லேத்தின் கதவைத் திறந்தபோது, போரிங் பார் அதன் இடத்தில் இருந்தது. சந்தனம் துடைக்கப்பட்டு, திருகுகள் நன்றாக முறுக்கப்பட்டிருந்தன. பட்டறைக்கு எப்போதும் முதலில் வருபவர் செட்டர். அவர் வந்து மாட்டி, அளவும் எடுத்து வைத்துவிட்டு, கோப்பி குடிக்கப் போயிருக்கிறார் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். வேலையும் புதிதல்ல. ஆலையின் பிழியும் இயந்திரத்துக்கான கப்ளிங், இரண்டு தண்டுகளை இணைக்கும் கனத்த இரும்பு உருளை. ஆறு உருப்படிகளில் இரண்டை முந்தைய வாரமே முடித்துக் கொடுத்துவிட்டோம். மூன்றாவதை இறுக்கிக் கட்டி, கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

நான் அளக்கும் அறையில் இருந்தேன். குளிர்சாதனம் உள்ள ஒரே அறை அதுதான். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்ததற்குக் கிடைத்த மரியாதை. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். தோட்டம் வீட்டுமனையாகிப் போனபின், அங்கே எழும்பிய தாமான் குடியிருப்புக்கே காவலாளியாக இருக்கிறார். நான் குளிர் அறையில் உட்கார்ந்து வேலை செய்வதை அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த அறையின் கண்ணாடி அதிர்ந்தது.

சத்தம் எப்படி இருந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். லாரி சுவரில் மோதியதுபோல இருந்தது என்றுதான் சொல்ல வருகிறது. அதன்பின் ஏதோ உருண்டு இடிக்கும் சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணன் மரப்பலகை அடுக்கின்மேல் சாய்ந்து கிடந்தார். முகமெல்லாம் வெள்ளையாக இயந்திரத்தின் குளிர்நீர். பாய் அதற்குள் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியிருந்தார். கப்ளிங் பிடியிலிருந்து பிய்ந்து கதவில் மோதியிருந்தது. கதவின் தடித்த கண்ணாடி நட்சத்திரம் போல வெடித்து, வெளிப்பக்கம் புடைத்து நின்றது. அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் அண்ணனின் முகம் இருந்திருக்கிறது.

"அண்ணே, கை கால் எல்லாம் இருக்கா?" என்று மச்சான் கேட்டான்.

"இருக்குடா. எண்ணிப் பாத்துட்டேன்."

அவர் எழுந்து முகத்தைக்கூடத் துடைக்காமல் கதவைத் திறந்தார். உருப்படியைப் பிடித்துச் சுழலும் சக்கைக் கையால் மெல்லச் சுற்றினார். உள்ளேயிருந்து மணல் அரைபடும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தார், சத்தம் போய்விடும் என்பதுபோல.

செட்டருக்குப் போன் போட்டோம்.

"நான் எங்கடா மாட்டுனேன்? நான் இங்க ஆஸ்பத்திரியில நிக்கிறேன். தம்பிக்கு மருந்து மாத்துறாங்க. நேத்தே குரூப்புல போட்டேனே. யாரு மாட்டுனா?"

பாய் தொண்டையைச் செருமினார். எங்களோடு பழகிப் பழகி அவருக்கும் ஒரு தமிழ் வந்திருந்தது.

"பொஸ்தான். காலைல நான் ஷட்டர் தொறந்தேன். பொஸ் வந்தாரு. தொடச்சாரு, மாட்டுனாரு, இப்படிக் கும்புட்டாரு. அப்பறம் கார் எடுத்துப் போய்ட்டாரு."

இலையில் வைத்ததை வைத்தவரே எடுக்க வேண்டும் என்று முந்தைய நாள் எங்களில் ஒருவன் அவரிடம் சொல்லியிருந்தான். சொன்னது மச்சானாக இருக்கலாம். நானாகவும் இருக்கலாம்.

மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டான். "செத்தோம் லா. இத எப்படி அவருகிட்ட சொல்றது?"

"யாரும் சொல்ல வேணாம்," என்றார் அண்ணன். "பட்டன அமுக்குனது நான். மொத தடவ மெதுவா விட்டுப் பாத்திருக்கணும். பாக்கல. அவ்வளவுதான்."

"அண்ணே, அளவு மாறுனது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"டேய், சொல்லாதன்னா சொல்லாத."

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பெரிய லேத்தை அவர் கற்றுக்கொண்டது பார்த்துப் பார்த்துத்தான். அதன் திரையில் ஓடும் ஆங்கில எழுத்துகள் அவருக்குப் படங்கள் மாதிரி. கடைசி மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். முந்தைய வருடம் பீடோரில் ஒரு பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போனார். நாற்பதுக்குள் இருக்க வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பட்டறையை விட்டால் அவருக்கு வேறு பட்டறை கிடையாது. எங்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

மதியம் தவுக்கே கையில் பெரிய பையோடு வந்தார். எல்லாருக்கும் கோய்தியாவ் நூடுல்ஸைத் தப்பாவ் கட்டி வாங்கி வந்திருந்தார். ஆலைக்காரன் இந்த ஆறு முடிந்ததும் இன்னும் கப்ளிங் கேட்கிறான் என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர், உடைந்த கதவைப் பார்த்ததும் பாதிச் சொல்லில் நின்றார்.

கத்தத் தொடங்கியபோது மூன்று மொழியும் கலந்து வந்தது. முப்பது வருடம் மெஷின் ஓட்டியும் கண் இல்லையா, இந்த மெஷினுக்கு இன்னும் பேங்க் கடன் ஓடுது தெரியுமா, உன் தலை போயிருந்தால் நான் ஜெயிலுக்குப் போகவா என்றெல்லாம் கத்தினார். அண்ணன் தலையைக் குனிந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அது தவுக்கேயின் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

"நாளைக்கு வராதே. போ!"

அண்ணன் துணியை மடித்து வைத்தார். சாப்பாட்டுக் கேரியரை எடுத்து மோட்டார் சைக்கிளில் மாட்டினார். போய்விட்டார்.

தவுக்கே என்னைக் கூப்பிட்டார். போரிங் பார் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று அளக்கச் சொன்னார். இயந்திரத்துக்குள் தலையை விட்டு அளந்தேன். திரையில் இருந்த அளவைவிட இருபத்து மூன்று மில்லிமீட்டர் கூடுதல். கருவி இன்னும் துளைக்கு வெளியே நிற்கிறது என்று இயந்திரம் நம்பிக்கொண்டு, முழு வேகத்தில் அதை இரும்பின் முகத்தில் போய்க் குத்தியிருக்கிறது.

"யார் மாட்டினது?"

அவருக்குப் பின்னால் நின்ற மச்சான் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். எனக்கும் புரிந்தது. ஆனால் உண்மை தெரிந்தால் அண்ணனுக்கு வேலை மிஞ்சும் என்று நம்பினேன். அளந்ததை அளந்தபடி சொல்வதுதான் என் வேலை என்றும் நினைத்தேன்.

"நீங்கதான் தவுக்கே. காலையில."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தைப் பார்த்தார்.

"செட்டர் வரலியா?"

"வரல."

"பழைய லேத்ல இப்படி மாட்டினா ஒண்ணும் ஆவாது," என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் சொன்னது சரிதான். பழைய லேத் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் கருவியைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். எங்கே மாட்டினாலும் ஒன்றுதான்.

வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கார் நகரவில்லை. கோய்தியாவ் மேசையில் ஆறியது. கணக்கு அக்காதான் கடைசியில், "சாப்புடுங்கப்பா, வாங்கிட்டு வந்தது பாழாப் போவுது," என்றார். நாங்கள் சாப்பிட்டோம். பசித்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அன்று மாலை புந்தோங்கில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நல்ல செய்தி கொண்டுபோவதாகத்தான் நினைப்பு. அவர் மாடிப்படியின் கீழே மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கையிலிருந்த துணியை வாளிக்குள் எறிந்தார்.

"உன்ன யாருடா சொல்லச் சொன்னா?"

"உங்க வேல போயிடும்னுதான்ணே."

"அந்தாளு என்ன இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ வெரட்டிருக்காரு. தெரியுமா ஒனக்கு? ரெண்டு தடவையும் மூணாம் நாளு அவரே போன் போட்டாரு. கோவத்துல வெரட்டுனவரு கூப்புட்டுருவாரு. இப்ப அவரு வெக்கப்பட்டு நிக்கிறாரு. வெக்கப்பட்டு நிக்கிற ஆளு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடா என்னக் கூப்புடுவாரு?"

வாளிக்குள் கிடந்த துணியைப் பிழிந்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"படிச்சவன்ல நீ. போ, போய்ப் படி."

அவர் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கோப்பி போடவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் சொன்னதுதான் நடந்தது. மூன்றாம் நாள் போன் போகவில்லை. நான்காம் நாளும் போகவில்லை. தவுக்கே வருவார், ஆபீஸுக்குள் போவார், யாரையும் பார்க்காமல் திரும்புவார். பினாங்கிலிருந்து பழுது பார்க்க ஆள் வந்து பெரிய லேத்தைக் கழற்றித் தரையில் பரப்பினான். பேரிங் முழுதும் போய்விட்டது, கருவிகளைத் தாங்கும் தலையும் கோணிவிட்டது என்றான். ஜப்பானிலிருந்து சாமான் வர வேண்டும். மீதிக் கப்ளிங்குகளைச் சொன்ன நாள் தவறாமல் கொடுக்க தைப்பிங்கில் ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். எங்கள் வேலையை இன்னொருவன் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பாயும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓவர்டைம் நின்றது. ஓவர்டைம் இல்லாத சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் தவணை கட்ட முடியாது என்று மச்சான் சிங்கப்பூரில் வேலை தேடி ஜொகூருக்குப் போன் போட ஆரம்பித்தான்.

நான் ஒவ்வொரு நாளும் ஆபீஸ் கதவு வரை போய்த் திரும்பினேன். அண்ணனைக் கூப்பிடுங்கள் என்று சொன்னால், தவறு உங்களுடையது என்று இரண்டாம் முறை சொன்னதாகிவிடும். செட்டர் ஒரு நாள் என்னை ஓரமாக இழுத்து, "நீ இனிமே வாயத் தொறக்காத தம்பி. போதும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் களைத்திருந்தார். புது மருந்து தம்பிக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

கடைசியில் அக்காதான் யாரையும் கேட்காமல் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"மாசக் கடைசி. வந்த நாளுக்கு உள்ள சம்பளத்த வந்து வாங்கிக்கிங்கண்ணே. பேங்க்ல போட முடியாது, ஏதோ பிரச்சனையாம்."

பேங்கில் ஒரு பிரச்சனையும் இல்லை.

அண்ணன் காலையிலேயே வந்தார், வேலைச் சட்டை போட்டுக்கொண்டு. தவுக்கே ஷட்டர் பக்கத்தில் நின்றிருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு எண்ணெய்ப் பீப்பாய். நான் அளக்கும் அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்டாச்சா?" என்றார் தவுக்கே.

"ஆச்சு தவுக்கே."

"பழைய லேத் எண்ணெய் கறுத்துப் போச்சு. மாத்தணும்."

"மாத்திடலாம்."

அண்ணன் கேரியரை வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டு, பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். அதற்கு மேல் இருவரும் அந்தக் காலையைப் பற்றிப் பேசியதாக எனக்குத் தெரியாது.

என்னோடு அவர் பேச வெகுநாளாயிற்று. அளக்க உருப்படி கொண்டுவந்து வைக்கும்போது, "பாத்துச் சொல்லுங்க சார்," என்பார். அதுவரை என்னை அவர் சார் என்றதில்லை. அந்தச் சொல் தேய்ந்து மறுபடி 'டேய்' ஆவதற்குள் பெரிய லேத் ஓடத் தொடங்கிவிட்டது, மச்சான் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். ஆலைக்காரன் அடுத்த கப்ளிங்குகளைத் தைப்பிங்குக்கே கொடுத்துவிட்டான்.

மெஷின் கடனின் தவணையைத் தள்ளிப்போடச் சொல்லி பேங்குக்கு எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் எழுத நான்தான். செலவையெல்லாம் கூட்டிக் காட்ட வேண்டும் என்றார் தவுக்கே. பில்களை வைத்துக்கொண்டு கூட்டினேன். பேரிங்கும் அதை மாற்றிய கூலியும் முப்பத்தோராயிரத்து ஐந்நூறு. கோணிய தலையை நேராக்க ஒன்பதாயிரத்து எண்ணூறு. கதவுக் கண்ணாடி, சக்கின் பிடிகள், புதுப் போரிங் பார் எல்லாமாக நாலாயிரத்து முந்நூறு. கெட்டுப்போன இரும்பு இரண்டாயிரத்து அறுநூறு. தைப்பிங் பட்டறைக்குக் கொடுத்தது பத்தாயிரம்.

தவுக்கே கண்ணாடி போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழே பார்த்தார். விரலை வைத்து மறுபடி பார்த்தார்.

"அவன் சம்பளம் எங்க?"

எனக்கு உடனே புரியவில்லை.

"வராத நாள் சம்பளம். அதுவும் இதுல செலவுதானே. குடுக்கணும். எழுது."

அண்ணன் வராத நாளுக்கு எவ்வளவு என்று அக்காவிடம் கேட்டேன். ஆயிரத்து நானூறு என்றார். அதையும் கீழே எழுதிக் கூட்டினேன். ஐம்பத்தொன்பதாயிரத்து அறுநூறு ரிங்கிட்.